தூங்க ஓரிடம், உட்கார ஓரிடம்: உல்லாசக் கப்பலில் கேபினும் தனி டெக்கும்

உல்லாசக் கப்பல் ஒன்றின் தள வரைபடத்தையும் விலைப்பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். தளம் உயர உயர விலை ஏறும். கப்பலின் ஆட்டமும் அதே போல ஏறும். எம்எஸ்சி நிறுவனத்தின் பெரிய கப்பல்களில் மிக விலை உயர்ந்த 'யாட் கிளப்' வளாகம் இருப்பது உச்சித் தளங்களில், அதுவும் முன்பக்கத்தில். அலை அடிக்கும் நாளில் கப்பலிலேயே அதிகம் ஆடும் மூலை அதுதான். அடித்தளத்தில், நட்ட நடுவில், ஜன்னலே இல்லாத மலிவான அறையில் படுத்திருப்பவர் அந்த இரவு நிம்மதியாகத் தூங்குவார்.

இதை வைத்துக்கொண்டு 'விலை கொடுப்பவர் ஏமாளி' என்று சொல்ல வரவில்லை. அவர் வாங்குவது வேறு பொருள். கப்பலில் அறை எடுக்கும்போது இரண்டு சரக்கு ஒன்றாகக் கட்டி விற்கப்படுகிறது. ஒன்று, இரவில் எங்கே தூங்குவது. இன்னொன்று, பகலில் எங்கே உட்காருவது. கப்பல் ஓடும் நாளில் மூவாயிரம் நாலாயிரம் பேர் ஒரே நேரத்தில் நீச்சல் குளத்துப் பக்கம் வந்தால், நிழலில் ஒரு சாய்வு நாற்காலி கிடைப்பதே பெரும்பாடு. தனி டெக் என்பது சிலர் மட்டுமே போகக்கூடிய திறந்த தளம். அதற்குக் கொடுக்கும் காசு அந்த இரண்டாவது சரக்குக்கானது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் படுக்கை

கப்பல் முக்கியமாக இரண்டு விதமாக ஆடும். இடமும் வலமுமாகச் சாய்வது ஒன்று. அணியம், அதாவது கப்பலின் முன்முனை, மேலே எழும்பிக் கீழே விழுவது இன்னொன்று. பக்கவாட்டுச் சாய்வைக் குறைக்க நீர்மட்டத்துக்குக் கீழே இருபுறமும் துடுப்பு மாதிரி வெளியே நீளும் ஸ்டெபிலைசர்கள் இருக்கின்றன. முன்பின் ஆட்டத்துக்கு அப்படி ஒரு கருவி கிடையாது. சீசா பலகையை நினைத்துக்கொண்டால் போதும்: நடுவில் நிற்பவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது, ஓரத்தில் இருப்பவர் மேலும் கீழுமாகப் போய்வருவார். பக்கவாட்டுச் சாய்வுக்கு உயரம் எதிரி. ஆகவே தலைசுற்றல், வாந்தி உள்ளவருக்கு விதி ஒன்றே: நீளத்தில் நடு, உயரத்தில் கீழ். ஜன்னல் இருந்தால் இன்னும் நல்லது. தொடுவானத்தைப் பார்க்க முடிந்தால் கண் காண்பதும் உள்காது உணரும் ஆட்டமும் ஒத்துப்போகும்.

அடுத்தது சத்தம். புதிதாகப் போகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் சறுக்குகிறார்கள், ஏனென்றால் விலைப்பட்டியலில் சத்தம் எழுதப்பட்டிருக்காது. வரைபடத்தில்தான் தேட வேண்டும். நீங்கள் பார்க்கும் அறையின் தளத்தை மட்டும் பார்க்காதீர்கள். அதற்கு மேல் தளம், கீழ்த் தளம் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று படங்களிலும் லிஃப்ட், படிக்கட்டு ஆகியவை ஒரே இடத்தில்தான் இருக்கும். அவற்றை ஒன்றின்மேல் ஒன்று பொருத்திவிட்டால் உங்கள் அறைக்கு நேர் மேலே என்ன, நேர் கீழே என்ன என்று தெரிந்துவிடும். மேலேயும் அறை, கீழேயும் அறை என்றால் சரி.

நேர் மேலே நீச்சல் குளத் தளம் இருந்தால், விடியற்காலை ஊழியர்கள் நாற்காலிகளை இழுத்து வரிசைப்படுத்தும் சத்தம் கூரையில் கேட்கும். இரும்புத் தரையில் நாற்காலிக் கால் இழுபடுவதை ஒருமுறை கேட்டவர் மறக்க மாட்டார். பஃபே உணவகத்துக்குக் கீழே இருந்தால் தள்ளுவண்டிச் சக்கரம். நாடக அரங்குக்கோ நடன கிளப்புக்கோ மேலே இருந்தால் தாளக் கருவியின் கனத்த அதிர்வு. அது காதில் கேட்பதைவிடக் கட்டிலில்தான் அதிகம் தெரியும். வரைபடத்தில் பெயர் எதுவும் எழுதாமல் வெள்ளையாக விட்டிருக்கும் கட்டங்களையும் கவனிக்க வேண்டும். அவை காலியிடம் இல்லை. ஊழியர் படிக்கட்டு, துணி அறை, சமையல் சாமான் லிஃப்ட் போன்றவை அங்கேதான் இருக்கும். அதை ஒட்டிய அறையில் இரவு முழுக்கக் கதவு அடிக்கும்.

கப்பலின் முன்கோடிக் கீழ்த் தளங்களில் இன்னொரு தொல்லை. துறைமுகத்தில் கப்பலைப் பக்கவாட்டில் நகர்த்த நீருக்கடியில் முன்பக்கம் 'பௌ திரஸ்டர்' என்ற குறுக்கு விசிறிகள் உண்டு. பல பயணங்களில் கப்பல் கரையணைவது காலையில்தான். அந்த நேரத்தில் லாரி ஒன்று தலைமாட்டில் நின்று உறுமுவது போல இருக்கும். சிறு படகில் கரைக்குப் போகும் இடங்களில் சில கப்பல்கள் நங்கூரம் போடும். சங்கிலி இறங்கும் ஓசை அதையும் மிஞ்சும். பின்கோடியில் சுழல்விசிறியின் அதிர்வு. புதுக் கப்பல்களில் குறைவு, பழையவற்றில் மேசைமேல் வைத்த தம்ளர் நடுங்கும்.

இணைப்புக் கதவு உள்ள அறைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு அறைக்கும் நடுவே கதவு வைத்திருப்பார்கள், வரைபடத்தில் சிறு அம்புக்குறியோ கோடோ காட்டும். குடும்பமாக இரண்டு அறை எடுப்பவர்களுக்கு வரப்பிரசாதம். முன்பின் தெரியாதவர் பக்கத்து அறையில் இருந்தால், அவர் இருமுவது முதல் தொலைபேசிப் பேச்சு வரை உங்களுக்கும் சேர்த்துத்தான்.

ஜன்னல் இல்லாதது முதல் பால்கனி வரை

உள்ளறை, கடல் பார்க்கும் ஜன்னல் அறை, பால்கனி அறை, சூட் எனும் பெரிய அறைத்தொகுதி என்று நான்கு படிகள். பெரிய கப்பல்களில் உள்ளறை ஏறக்குறைய 140 முதல் 180 சதுர அடி. பால்கனி அறை 170 முதல் 200, வெளியே பால்கனி இன்னொரு 35 முதல் 55 சதுர அடி. இரண்டு நாற்காலியும் ஒரு சிறு மேசையும் போட்டால் நிறைந்துவிடும்.

உள்ளறையை இளப்பமாகப் பேசுவது வழக்கம். தூக்கம் முக்கியம் என்பவருக்கு அதைவிட நல்ல அறை கிடையாது: மிச்சமில்லாத இருட்டு, வெளிக் காற்றின் ஓசை இல்லை, விலையோ பல சமயம் பால்கனி அறையில் பாதி. ஒரே சிக்கல், காலையா இரவா என்று தெரியாது. தொலைக்காட்சியில் கப்பல் முன்புறக் கேமரா ஓடும் அலைவரிசையை ஒலியில்லாமல் விட்டுவிட்டுப் படுத்தால் விடிவது தெரியும். இந்த யோசனையைக் கப்பல் நிறுவனங்களே பிடித்துக்கொண்டன. 2011-ல் வந்த டிஸ்னி டிரீம் உள்ளறைகளில் வெளிக்காட்சியைக் காட்டும் வட்டத் திரை வந்தது. ராயல் கரீபியனின் குவாண்டம் ஆஃப் த சீஸ் 2014-ல் தரையிலிருந்து கூரை வரை நீளும் 'விர்ச்சுவல் பால்கனி' திரையோடு வந்தது.

கப்பலின் உள்பக்கத்தைப் பார்க்கும் ஜன்னல்களும் உண்டு. 1999-ல் வந்த வாயேஜர் ஆஃப் த சீஸ் கப்பலில் நடுவே கடைத்தெரு மாதிரி ஒரு நீளக்கூடம். சில அறைகளின் ஜன்னல் அதைப் பார்க்கும். வேடிக்கை பார்க்க அருமை, திரையை மூட மறந்தால் ஊரே உங்களை வேடிக்கை பார்க்கும். 2009-ல் வந்த ஒயாசிஸ் ஆஃப் த சீஸ் இன்னும் ஒரு படி மேலே போய், நடுவில் வானம் தெரியும் பூங்கா ஒன்றை வைத்து அதைச் சுற்றிப் பால்கனிகளை அமைத்தது. காற்று அதிகம் அடிக்காத, அமைதியான பால்கனிகள் அவை. அதே கப்பலில் 'போர்ட்வாக்' பக்கம் பார்க்கும் பால்கனிகள் அப்படியில்லை. பின்கோடியில் நீர்விளையாட்டு அரங்கு இருப்பதால் ஒத்திகைச் சத்தமும் காட்சிச் சத்தமும் ராத்திரிவரை வரும்.

வெளிப் பால்கனிக்கு வருவோம். எல்லாப் பால்கனியும் ஒன்றில்லை.

உயிர்காப்புப் படகுகள் தொங்கும் தளத்துக்கு நேர் மேலே உள்ளவற்றில் கீழே எட்டிப் பார்த்தால் ஆரஞ்சு நிறப் படகின் முதுகுதான் தெரியும். இவற்றை 'மறைக்கப்பட்ட காட்சி' என்று தனி வகையாகக் குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். படகு முழுக்க மறைக்கிறதா, இரண்டு படகுக்கு நடுவே இடைவெளி வருகிறதா என்பது அறைக்கு அறை மாறும். இடைவெளி அறை கிடைத்தால் லாபம். குனார்டு நிறுவனத்தின் குவீன் மேரி 2 கப்பலில் கீழ்த் தளப் பால்கனிகள் கப்பலின் இரும்பு உடலிலேயே வெட்டி எடுத்தவை. வட அட்லாண்டிக் காற்றுக்கு நல்ல மறைவு. ஆனால் உட்கார்ந்தால் இரும்புச் சுவர் கடலை மறைக்கும், எழுந்து நின்றால்தான் தெரியும். கார்னிவல் கப்பல்களின் 'கோவ் பால்கனி'யும் இதே மாதிரி நீர்மட்டத்துக்கு நெருக்கமானது. அலை தெறிக்கும் தூரம். கடல் கொந்தளித்தால் ஊழியர்கள் வந்து இரும்புத் தடுப்பால் அடைத்துவிட்டுப் போவார்கள்.

செலிபிரிட்டி நிறுவனத்தின் எட்ஜ் கப்பல் 2018-ல் 'இன்ஃபினிட் வெராண்டா' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பால்கனியையும் அறையோடு சேர்த்துவிட்டு, வெளிச்சுவரில் பெரிய கண்ணாடி. பொத்தானை அழுத்தினால் மேல்பாதி கீழே இறங்கும். அறை பெரிதாகத் தெரியும் என்பது உண்மை. கண்ணாடியைத் திறந்தால் குளிர்சாதனம் நின்றுவிடும், வானிலை மோசமானால் கப்பலோட்டும் அறையிலிருந்தே பூட்டிவிடுவார்கள் என்பதும் உண்மை. வெளியில் நிற்கிற உணர்வு வேண்டுமென்று காசு கொடுப்பவருக்கு இது பெரிய ஜன்னல்தான்.

பின்கோடிப் பால்கனிகளுக்கு ரசிகர் கூட்டம் உண்டு. அகலம் அதிகம், காற்று குறைவு, கப்பல் விட்டுச்செல்லும் வெள்ளை நுரைப் பாதை அடிவானம் வரை நீளும். விலை: புகைபோக்கிக் கரி சில நாள் நாற்காலியில் படியும், சாப்பிடப் போக நெடுநடை. ஒயாசிஸ் போன்றவை 361 மீட்டர் நீளம். முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடு போனால் லிஃப்டிலிருந்து எத்தனை கதவு தள்ளி அறை என்று எண்ணிப் பார்த்துவிட்டு எடுங்கள். முன்கோடியில் முன்னே பார்க்கும் ஜன்னல் அறைகளில், இருட்டியதும் திரையை இழுத்து மூடச் சொல்வார்கள். அங்கிருந்து வரும் வெளிச்சம் கப்பலோட்டும் அதிகாரிகளின் இரவுப் பார்வையைக் கெடுக்கும் என்பதே காரணம்.

வலப்பக்கமா, இடப்பக்கமா? ஒரே திசையில் போகும் பயணங்களில் இது முக்கியம். சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கு வடமேற்காக ஏறும்போது மலேசியக் கரை வலப்பக்கம், மாலை வெயில் இடப்பக்கம். திரும்பும்போது மாறிவிடும். இங்கே ஒரு பழங்கதை நினைவுக்கு வரும்: இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குப் போகையில் இடப்பக்கமும் திரும்புகையில் வலப்பக்கமும் வெயில் படாத அறைகள் என்றும், அதைக் குறிக்கும் 'போர்ட் அவுட், ஸ்டார்போர்டு ஹோம்' என்ற ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்துத்தான் ஆங்கிலத்தில் பகட்டைக் குறிக்கும் 'பாஷ்' என்ற சொல் வந்தது என்றும் சொல்வார்கள். வெயில் கணக்கு சரி. சொல் வந்த கதைக்குத்தான் ஆதாரம் கிடையாது. அப்படி முத்திரை குத்திய ஒரு பயணச்சீட்டும் இதுவரை கிடைக்கவில்லை.

இப்போது தனி டெக்

கடலில் தனக்கென்று ஒரு டெக் வேண்டும் என்ற ஆசை புதிதில்லை. 1912-ல் டைட்டானிக்கில் இரண்டு முதல் வகுப்பு அறைத்தொகுதிகளுக்கு மட்டும் தனியே ஏறக்குறைய 50 அடி நீள உலாவு தளம் இருந்தது. அதில் ஒன்றில் பயணம் செய்தவர் கப்பல் நிறுவனத் தலைவர் புரூஸ் இஸ்மே. அந்தக் காலத்தில் மூன்று வகுப்புக்கும் தனித்தனிப் பாதை, தனித்தனித் தளம். பின்னால் உல்லாசக் கப்பல்கள் வந்தபோது 'எல்லாரும் ஒரே வகுப்பு' என்பதே விளம்பரமாயிற்று. கப்பல்கள் பெருத்துக் கூட்டம் கூடியதும் வகுப்பு வேறு பெயரில் திரும்பி வந்தது. இன்று அதற்குப் பெயர் 'கப்பலுக்குள் கப்பல்'.

எம்எஸ்சி ஃபேன்டாசியா 2008-ல் யாட் கிளப்பைத் தொடங்கியது. நார்வீஜியன் நிறுவனம் அதற்கு முன்பே ஜுவல் வகைக் கப்பல்களில் நடுமுற்றம் சுற்றிய வில்லாக்களை வைத்திருந்தது. அதுவே வளர்ந்து 'ஹேவன்' ஆனது. செலிபிரிட்டியில் 'ரிட்ரீட்'. குனார்டில் 'குவீன்ஸ் கிரில்', 'பிரின்சஸ் கிரில்' விருந்தினர்களுக்கெனத் தனி மாடி. ஆசியாவில் சிங்கப்பூரிலிருந்து ஓடும் ஜென்டிங் டிரீம் கப்பலில் 'பேலஸ்'. அட்டையைக் காட்டினால்தான் கதவு திறக்கும். உள்ளே தனி நீச்சல் குளம், தனி லவுஞ்ச் (ஓய்வுக்கூடம்), பெரும்பாலும் தனி உணவகம், பட்லர் எனும் தனி உதவியாளர்.

கதவு ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே சரக்கு ஒன்றில்லை. யாட் கிளப் விலையில் குடிபானங்களும் இணையமும் சேர்ந்தே வரும். ஹேவனில் குடிபானம் தானாக வராது, அது தனிப் பொதி. ஹேவன் என்ற பெயர் பழைய ஜுவல் வகைக் கப்பல்களிலும் உண்டு, ஆனால் அங்கே தனி உணவகம் கிடையாது. அதே நிறுவனத்தின் 2022-ல் வந்த நார்வீஜியன் பிரிமாவில் ஹேவனைக் கப்பலின் பின்பக்கத்துக்கே மாற்றிவிட்டார்கள்: குளத்திலிருந்து பார்த்தால் கப்பலின் நுரைப்பாதை, காற்றும் குறைவு. இடத்தைப் பொறுத்தவரை முன்பக்க உச்சியைவிட இது புத்திசாலித்தனம். முன்பக்கத்தில் கப்பல் மணிக்கு 37 கிலோமீட்டரில், அதாவது 20 'நாட்' (knot) வேகத்தில் போகும்போது எதிர்காற்றும் சேர்ந்தால், கண்ணாடித் தடுப்பு இருந்தும் புத்தகத்தின் பக்கம் நிற்காது. அலை அதிகமானால் எந்தத் தளக் குளமானாலும் தண்ணீரை இறக்கிவிட்டு வலை போட்டு மூடிவிடுவார்கள், பட்லர் இருந்தாலும் சரி.

இன்னொன்று: இவை பெரியவர்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். யாட் கிளப்பிலும் ஹேவனிலும் குழந்தைகளுக்குத் தடையில்லை. பள்ளி விடுமுறைக் காலத்தில் அந்தச் சிறு குளத்தில் ஆறு பிள்ளைகள் குதித்தால் 'அமைதி' என்ற பேச்சுக்கே இடமில்லை. பிள்ளைச் சத்தம் இல்லாத இடம்தான் குறிக்கோள் என்றால், பெரியவர்களுக்கு மட்டும் என்று எழுதியே வைத்த இடங்களைப் பார்க்க வேண்டும். கார்னிவலின் 'செரினிட்டி' தளத்துக்குத் தனிக் கட்டணம் கிடையாது. பிரின்சஸ் நிறுவனம் 2006-ல் கிரௌன் பிரின்சஸ் கப்பலில் தொடங்கிய 'சாங்சுவரி'க்குக் கட்டணம் உண்டு. நார்வீஜியனின் 'வைப் பீச் கிளப்'புக்குப் பயணம் முழுவதற்குமான பாஸ், எண்ணிக்கை குறைவு. சீக்கிரமே கேட்காவிட்டால் தீர்ந்துவிடும். 2016-ல் கார்னிவல் விஸ்டாவில் வந்த 'ஹவானா' அறைகள் வேறு விதம்: அறைக்கு வெளியே பொது நடைபாதையை ஒட்டி ஊஞ்சல் கொண்ட சிறு முற்றம், பின்பக்கத்தில் இரவு 7 மணிவரை அந்த அறைக்காரர்களுக்கு மட்டுமான குளம், 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு அறை கிடையாது. தனி வளாகத்து விலை இல்லாமல் தனிக் குளம் வேண்டுமென்றால் முதலில் பார்க்க வேண்டியது இது.

நடைபாதை ஓரத்து 'லனாய்' அறைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கதவைத் திறந்தால் நேராக டெக், தனக்கென ஒதுக்கிய நாற்காலி. ஹாலண்ட் அமெரிக்காவின் சில கப்பல்களில் உண்டு. கண்ணாடி ஒருவழிப் பார்வை: பகலில் வெளியிலிருந்து உள்ளே தெரியாது. இரவில் உள்ளே விளக்கைப் போட்டால் கதை தலைகீழ்.

'சூட்' என்ற சொல்லை நம்பாதீர்கள்

அதிகப் பேர் காசு இழக்கும் இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் நிதானமாக.

ராயல் கரீபியன் 2016-ல் சூட் அறைகளை சீ, ஸ்கை, ஸ்டார் என்று மூன்று தட்டாகப் பிரித்தது. ஜூனியர் சூட் விழுவது அடித்தட்டான 'சீ'யில். அறை பெரிது, குளியல் தொட்டி உண்டு. சூட் லவுஞ்சும் சூட் வெயில் தளமும் உண்டா என்றால், பொதுவாக இல்லை. பிரின்சஸின் மினி சூட்டும் அப்படியே. செலிபிரிட்டியின் 'கன்சியர்ஜ் கிளாஸ்' என்பது பால்கனி அறைதான், ரிட்ரீட்டின் கதவு அதற்குத் திறக்காது. நார்வீஜியனின் 'கிளப் பால்கனி சூட்' ஹேவனைச் சேர்ந்ததில்லை. முகவர் "சூட்டுங்க, நல்ல ரேட்டு" என்று சொன்னால், "தனி டெக்குக்கு உள்ளே போகலாமா, எழுத்தில் தாங்க" என்று கேட்டுவிடுவது நல்லது.

எதிர்ப்பக்கமும் உண்டு. மெராவிக்லியா போன்ற எம்எஸ்சி கப்பல்களில் யாட் கிளப்புக்குள்ளேயே ஜன்னல் இல்லாத உள்ளறை விற்கிறார்கள். பட்லர், லவுஞ்ச், உணவகம், குளம் எல்லாம் அதே. பால்கனி மட்டும் இல்லை. பகல் முழுக்கத் தனி டெக்கில் இருக்கப் போகிறவருக்குத் தனி பால்கனி எதற்கு? தூங்குமிடம், உட்காருமிடம் இரண்டையும் பிரித்துப் பார்ப்பவருக்கென்றே செய்த அறை அது. எண்ணிக்கை குறைவு, சீக்கிரம் போய்விடும்.

தனியாகப் போகிறவர்களுக்கு வழக்கமாக இருவர் கட்டணமே விழும். 2010-ல் நார்வீஜியன் எபிக் 128 'ஸ்டூடியோ' அறைகளோடு வந்தது. சுமார் 100 சதுர அடி, ஜன்னல் நடைபாதையைப் பார்க்கும், கூடவே ஸ்டூடியோக்காரர்களுக்கு மட்டும் ஒரு லவுஞ்ச். மலிவுப் பக்கத்துத் 'தனி வளாகம்' என்று அதைச் சொல்லலாம். ஸ்பாவை விரும்புவோருக்கு செலிபிரிட்டியின் 'அக்வாகிளாஸ்', கோஸ்டாவின் 'சம்சாரா' அறைகள் அதே தத்துவம்: சூட் விலை இல்லாமல் ஒரு தனிக் கதவின் சாவி.

கணக்கு

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 7 இரவுப் பயணம், பால்கனி அறை ஆளுக்கு 1,000 டாலர், தனி வளாகம் ஆளுக்கு 2,600 டாலர். வித்தியாசம் 1,600. வளாக விலையில் குடிபானமும் இணையமும் சேர்ந்திருந்து, நீங்கள் எப்படியும் அவற்றை வாங்கியிருப்பீர்கள் என்றால் அதைக் கழியுங்கள்: நாளுக்கு 70 வீதம் 490, இணையம் நாளுக்கு 15 வீதம் 105. மீதி 1,005. குடிக்காதவர், போனைத் தொடாதவர் கழிக்கக் கூடாது. அவருக்கு வித்தியாசம் முழு 1,600-தான்.

இந்த 1,005-ஐ 7 ஆல் வகுப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. வகுக்க வேண்டியது கடல் நாட்களால். மத்தியதரைக் கடல் சுற்றில் தினம் ஒரு ஊர். பகலில் கப்பலில் இருப்பது இரண்டு நாள் இருந்தால் அதிகம். அப்போது ஒரு கடல் நாளுக்கு ஆளுக்கு 500 டாலருக்கு மேல். ஏப்ரல் வாக்கிலும் அக்டோபர், நவம்பரிலும் கப்பல்கள் ஐரோப்பாவுக்கும் கரீபியனுக்கும் இடையே இடம் மாறும்போது ஆறேழு நாள் தொடர்ந்து கடல்தான். அங்கே அதே வித்தியாசம் நாளுக்கு 145 முதல் 170 டாலர் அளவுக்கு இறங்கிவிடும். ஊர் சுற்றும் பயணத்தில் தனி டெக் வீண். கடலைக் கடக்கும் பயணத்தில் அதற்கு அர்த்தம் உண்டு. இதோடு அன்பளிப்புக் கட்டணம் என்று ஆளுக்கு நாளுக்கு ஒரு தொகை தனியே பிடிப்பார்கள், சூட்டுக்கு அது கூடுதல்.

ஊர் சுற்றும் பயணத்தில் காசில்லாத வழி ஒன்றும் இருக்கிறது. ஏற்கனவே பார்த்த ஊர் வந்தால் இறங்காதீர்கள். காலை பத்து மணிக்கு எல்லாரும் கரைக்குப் போனபின் பொதுக் குளம் வெறிச்சோடிக் கிடக்கும்.

கடைசி நேர ஏலமும் உண்டு. பதிவு செய்தபின் 'மேல் வகைக்கு எவ்வளவு தருவீர்கள்' என்று மின்னஞ்சல் வரும். ராயல் கரீபியனில் 'ராயல்அப்', செலிபிரிட்டியில் 'மூவ்அப்'. திரையில் காட்டும் தொகை ஆளுக்கு, பிடிப்பது இருவருக்கு. தனியாகப் போகிறவரிடமும் இருவருக்கே பிடிப்பார்கள். ஏற்கப்பட்டால் பணம் திரும்பாது, எந்த அறை என்று முன்கூட்டித் தெரியாது. மேலே சொன்ன முறையில் பார்த்துப் பார்த்து எடுத்த நடு அறையை விட்டு, நடன கிளப்புக்கு மேலே ஒரு பெரிய அறைக்குப் போய்ச் சேரும் ஆபத்து உண்டு. 'கேரண்டி' என்ற பெயரில் எண் சொல்லாமல் விற்கும் மலிவு அறைக்கும் இதே குணம். தூக்கம் லேசானவர்களும், இரண்டு அறை பக்கத்தில் பக்கத்தில் வேண்டிய குடும்பங்களும் கேரண்டி எடுக்கக் கூடாது. நான்கு பேர் அறையில் கட்டில் இருந்தும் 'இடமில்லை' என்று வந்தால் திகைக்க வேண்டாம்: அந்தப் பகுதிக்கு ஒதுக்கிய உயிர்காப்புப் படகின் கொள்ளளவு நிரம்பியிருக்கலாம்.

சென்னையிலிருந்து 2022 ஜூனில் ஓடத் தொடங்கிய கோர்டீலியா எம்ப்ரஸுக்கு இதில் எவ்வளவு பொருந்தும்? அது 1990-ல் நார்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் வந்த கப்பல். அந்தக் காலத்துக் கட்டுமானத்தில் அறைகள் சிறியவை, பால்கனி உள்ளவை மிகச் சில. 'கப்பலுக்குள் கப்பல்' கிடையாது. அங்கே தேர்வு எளிது: நடுப்பகுதி, கீழ்த் தளம், முடிந்தால் ஜன்னல். இரண்டு மூன்று இரவுப் பயணத்துக்கு மேல் வகையில் காசைக் கொட்டுவதைவிட அரங்கிலிருந்து தள்ளி அறை கேட்பது பயன் தரும்.

ஏறிய பிறகு

பால்கனிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அறைக் கதவைத் திறக்காதீர்கள். காற்று சுரங்கம் போலப் பாய்ந்து கதவு விரலை நசுக்கும். பால்கனிக் கதவு திறந்திருந்தால் பல கப்பல்களில் குளிர்சாதனம் நின்றுவிடும். பக்கத்து அறைகளிலும் வெக்கை ஏறும். அறைச் சுவர்கள் பெரும்பாலும் இரும்பு. காந்தக் கொக்கி நாலு கொண்டுபோனால் தொப்பி, பை, ஈரத் துணி எல்லாம் மாட்டலாம். மின்னழுத்தப் பாதுகாப்பு உள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டியைப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். கப்பலின் மின்னமைப்பு வீட்டு அமைப்பு மாதிரி இல்லை, அந்தக் கருவி தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. இஸ்திரிப்பெட்டி, கெட்டில் கதையும் அதுவே.

முதல் நாள் மாலை, அறைத் தளங்களின் நடைபாதையில் முன்கோடி வரை நடந்து பாருங்கள். பல கப்பல்களில் அந்தக் கோடியில் பெயர்ப்பலகை இல்லாத கனத்த கதவு ஒன்று இருக்கும். 'ஊழியர்களுக்கு மட்டும்' என்று எழுதியிருந்தால் திரும்பிவிடுங்கள். எழுதவில்லை என்றால் இரண்டு கையாலும் தள்ளுங்கள். காற்று எதிர்த்துத் தள்ளும். வெளியே முன்னோக்கிய சிறு டெக். ராயல் கரீபியனின் வாயேஜர், ரேடியன்ஸ் வகைக் கப்பல்களில் முன்பக்க ஹெலிகாப்டர் தளத்துக்கே பயணிகள் போகலாம். நாற்காலி இருக்காது, பட்லர் வரமாட்டார், பலத்த காற்று நாளில் பூட்டியிருக்கும். மற்ற நாட்களில் கப்பல் துறைமுகத்துக்குள் நுழையும் நேரம், மேல் தளத்தில் கூட்டம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கையில், இங்கே நாலைந்து பேர்தான் நிற்பார்கள்.